எவ்வளவு குடிக்கிறோம், எப்படிக் குடிக்கிறோம்: மதுவும் மக்கள் நலமும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மாநிலத்தில் ஆண்டுக்கு எவ்வளவு மது விற்கிறது என்று தெரிந்தால் போதாதா? குடிக்கும் முறையை ஏன் தனியாக ஆராய வேண்டும்?

போதாது. இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் வாரத்தில் ஆறு நாள், இரவு உணவோடு 30 மில்லி விஸ்கி அருந்துகிறார். மற்றவர் ஆறு நாளும் தொடுவதில்லை; சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும் வெறும் வயிற்றில் 180 மில்லி பிராந்தியை அரை மணி நேரத்துக்குள் குடித்து முடிக்கிறார். விற்பனைக் கணக்கில் இருவரும் ஒன்றுதான். ஆனால் அன்றிரவு இரு சக்கர வண்டியோடு சாலைத் தடுப்பில் மோதுவதற்கும், வாந்தி மூச்சுக்குழாயில் ஏறி இறப்பதற்கும், இதயத்துடிப்பு தாறுமாறாவதற்கும், வீட்டில் கை நீட்டுவதற்கும் வாய்ப்பு மிகுதியாக உள்ளவர் இரண்டாமவரே. முதலாமவருக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. வாழ்நாள் முழுதும் சேர்ந்த அளவைப் பொறுத்தே புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடுகிறது. ஆகவே மொத்த அளவு ஒருவகைக் கேட்டையும், ஒரே அமர்வில் குடிக்கும் அளவு வேறுவகைக் கேட்டையும் காட்டுகின்றன. ஒன்றை மட்டும் பார்ப்பவருக்குப் பாதிதான் தெரியும்.

'ஒரு அளவு' மது என்பது எவ்வளவு?

இந்தியாவில் 10 கிராம் தூய ஆல்கஹாலை ஓர் அளவாகக் கொள்வது வழக்கம். நம் கடைகளில் விற்கும் பிராந்தி, ரம், விஸ்கி ஆகியவற்றில் ஆல்கஹால் 42.8 விழுக்காடு; எனவே 30 மில்லியில் ஏறத்தாழ 10 கிராம் இருக்கும். இந்தக் கணக்கை 180 மில்லி குவாட்டர் பாட்டிலுக்குப் போட்டுப் பார்த்தால் 60 கிராம் வருகிறது. ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ குடிப்பதைத்தான் உலக சுகாதார நிறுவனம் 'மிகைக்குடி அமர்வு' என்று வரையறுக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை நடந்தாலும் அது கணக்கில் சேரும்.

அதாவது டாஸ்மாக் கடையில் பிராந்தியோ ரம்மோ வாங்கும்போது கைக்குக் கிடைக்கும் வழக்கமான சிறிய பாட்டிலும், உலக அளவில் அபாயக் கோடாக வைக்கப்பட்டிருக்கும் அளவும் ஒன்றே. தமிழ்நாட்டின் குடிப்பழக்கத்தைப் பற்றி ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்லலாம் என்றால் இதையே சொல்வேன். "ஒரு குவாட்டரோடு நிறுத்திக்கொள்வேன்" என்று பெருமையாகச் சொல்பவர், நிறுத்த வேண்டிய இடத்தைத் தாண்டிய பிறகே நிறுத்துகிறார். இருவர் காசு போட்டு ஒரு குவாட்டரைப் பகிர்ந்துகொள்ளும் 'கட்டிங்' வழக்கத்தில் ஆளுக்கு 90 மில்லிதான் வரும். அது பணத்தட்டுப்பாட்டில் பிறந்த வழக்கம் என்றாலும், அளவைப் பொறுத்தவரை முழு பாட்டிலைவிட மேல். 2023-இல் 90 மில்லிப் பொதிகளை அறிமுகப்படுத்துவது பற்றி அரசுத் தரப்பில் பேசப்பட்டபோது எழுந்த எதிர்ப்பு நியாயமானதே. மலிவான சிறு பொதி பள்ளிச் சிறுவரின் கைக்கும் எட்டும். ஆனால் 180 மில்லியே இயல்பான அளவாக நிலைத்துப்போனதை எதிர்த்து அந்த வேகத்தில் யாரும் பேசக் காணோம்.

பீர் அவ்வளவு கெடுதல் இல்லையே?

5 விழுக்காடு ஆல்கஹால் உள்ள 650 மில்லி பீரில் சுமார் 25 கிராம் இருக்கிறது. 'ஸ்ட்ராங்' என்று விற்கப்படும் 8 விழுக்காட்டுப் பீராக இருந்தால் அது 40 கிராம். நான்கு சிறு பெக்குக்குச் சமம். கல்லீரல் மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் வரைதான் கழிக்கும். மோரும் எலுமிச்சையும் குளியலும் அந்த வேகத்தைக் கூட்டுவதில்லை.

தமிழ்நாட்டில் எத்தனை பேர் குடிக்கிறார்கள்?

2019–21 ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 25.4 விழுக்காட்டினரும் பெண்களில் 0.3 விழுக்காட்டினரும் மது அருந்துகின்றனர். அகில இந்திய அளவில் இது ஆண்களில் ஏறத்தாழ 19, பெண்களில் ஏறத்தாழ 1 விழுக்காடு. நான்காம் ஆய்வில் தமிழ்நாட்டு ஆண்களுக்கு 46.7 விழுக்காடு என்று வந்திருந்ததால், சில ஆண்டுகளில் குடி பாதியாகக் குறைந்துவிட்டது என்று எழுதியவர்கள் உண்டு. அந்த ஒப்பீடு செல்லாது. முந்தைய எண் 15 முதல் 49 வயது வரையுள்ள ஆண்களை நேரில் கேட்டுப் பெற்றது. பிந்தையது முதியவர்களையும் சேர்த்து, வீட்டில் ஒருவர் எல்லோருக்காகவும் சொன்ன பதில்களிலிருந்து வந்தது. மகன் குடிப்பது தாய்க்குத் தெரியாமல் இருக்கலாம். தெரிந்தாலும் வந்து நிற்கும் கணக்கெடுப்பாளரிடம் சொல்லாமல் இருக்கலாம்.

நாடு முழுவதற்குமான இன்னொரு படத்தை, எய்ம்ஸ் நிறுவனம் நடத்தி 2019-இல் வெளியான போதைப்பொருள் பயன்பாட்டு ஆய்வு தருகிறது. 10 முதல் 75 வயது வரையுள்ளவர்களில் 14.6 விழுக்காட்டினர், அதாவது சுமார் 16 கோடிப் பேர், மது அருந்துகின்றனர். மருத்துவ உதவி தேவைப்படும் அளவுக்குச் சிக்கலில் இருப்பவர்கள் 5.2 விழுக்காட்டினர். இவ்விரு எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும்: குடிப்பவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் சிக்கலில் இருக்கிறார். குடிப்பவர்கள் தொகை குறைவாகவும், குடிப்பவர்களுக்குள் சிக்கல் மிகுதியாகவும் இருப்பதே இந்தியாவின் தனித்தன்மை.

இந்தக் கணக்கெடுப்புகளை எவ்வளவு நம்பலாம்?

தாங்கள் குடித்ததாக மக்கள் சொல்லும் அளவையெல்லாம் கூட்டினால், உண்மையில் விற்ற அளவில் பாதியை ஒட்டித்தான் பல நாடுகளில் வருகிறது. பொய் சொல்கிறார்கள் என்பது மட்டும் காரணமல்ல. நினைவு பிசகுகிறது, கண்ணாடிக் குவளையில் ஊற்றியதை யாரும் அளப்பதில்லை, மிகக் கடுமையாகக் குடிப்பவர் கணக்கெடுக்கப் போகும் நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை. விற்பனைக் கணக்கு இதைவிட உறுதியானது. சில்லறை விற்பனை முழுவதும் 2003 முதல் அரசு நிறுவனத்தின் கையில் இருப்பதால், நாள்வாரி, கடைவாரித் தரவு வேறெந்த மாநிலத்தையும்விடத் தமிழ்நாட்டில் எளிதாகக் கிடைக்க வேண்டும். வருவாய் மட்டும் ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் சொல்லப்படுகிறது. 2023–24-இல் அது 45,855 கோடி ரூபாய். எந்த வட்டாரத்தில் எத்தனை லிட்டர் விற்றது, அதே வட்டாரத்தில் கல்லீரல் நோயும் தற்கொலையும் எவ்வளவு என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆய்வாளர்களுக்கு வழி இருந்தால், ரூபாய்க் கணக்கைவிட அது பயன்படும். கள்ளச்சாராயம் எந்தக் கணக்கிலும் வராது. உலக அளவிலேயே குடிக்கப்படும் மதுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இப்படிக் கணக்குக்கு வெளியே இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

தனிநபர் சராசரி ஐரோப்பாவைவிடக் குறைவுதானே? நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?

சராசரியைக் கணக்கிடும்போது குடிக்காதவர்களும் வகுக்கும் எண்ணில் சேர்க்கப்படுகிறார்கள். பெண்களில் ஏறத்தாழ எல்லோரும், ஆண்களில் பெரும்பகுதியினரும் தொடாத ஒரு சமூகத்தில், மிஞ்சிய சிலர் குடிப்பதை எல்லோருடைய தலையிலும் பரப்பினால் எண் சிறிதாகத்தான் தெரியும். பிரெஞ்சு மக்கள்தொகையியலாளர் சுல்லி லெதர்மான் 1956-இல் இந்தப் பரவலைக் கணித வடிவில் எழுதிக்காட்டினார். குடிப்பவர்கள் சராசரியைச் சுற்றிச் சமமாகத் திரண்டிருப்பதில்லை. பெரும்பாலோர் குறைந்த அளவில் குவிந்திருக்க, ஒரு நீண்ட வால் மிகை அளவை நோக்கி நீள்கிறது என்பதும், சராசரி உயரும்போது அந்த வாலும் தடிக்கிறது என்பதும் அவர் கண்டவை. அவருடைய சூத்திரத்தின் நுணுக்கங்களைப் பின்வந்தவர்கள் மறுத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு சமூகம் பொதுவாகக் கூடுதலாகக் குடிக்கத் தொடங்கினால் மிகைக்குடியர்களும் பெருகுவார்கள் என்ற சாரம் நிலைத்திருக்கிறது.

இதிலிருந்து வரும் முடிவு பலருக்கும் உவப்பாக இருப்பதில்லை. குடிநோயாளிகளை மட்டும் தேடிப்பிடித்துச் சிகிச்சை தந்தால் போதும், மற்றவர்கள் 'அளவாக' குடித்துக்கொள்ளட்டும் என்பது எளிய கொள்கை. ஆனால் விபத்து, அடிதடி, தவறி விழுதல் போன்றவற்றில் பெரும்பகுதி, தம்மைக் குடிநோயாளி என்று ஒருபோதும் எண்ணாத சாதாரணக் குடிகாரர்களிடமிருந்தே வருகிறது. அவர்களில் ஒவ்வொருவருக்கும் ஆபத்து சிறிது, ஆனால் தொகை பெரிது.

குடிக்கும் முறை மாறினால் சாவு எண்ணிக்கை மாறும் என்பதற்குச் சான்று உண்டா?

ரஷ்யாவைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அங்கே வோட்காவை வார இறுதியில் ஒரே மூச்சில் குடித்துத் தீர்ப்பதே நெடுநாள் வழக்கம். 1990-களில் மாஸ்கோவின் இறப்புப் பதிவுகளை ஆராய்ந்தபோது, இதயநோய்ச் சாவுகளே சனி, ஞாயிறு, திங்கள் நாட்களில் உயர்வதைக் கண்டார்கள். மதுவால் இறந்ததாகப் பதிவாகாதவர்களின் சாவு அது. 1985-இல் கொர்பச்சேவ் தொடங்கிய மதுக்கட்டுப்பாட்டு இயக்கத்தின்போது உற்பத்தி வெட்டப்பட்டது, விலை உயர்ந்தது, விற்பனை நேரம் சுருங்கியது. ஆண்களின் சராசரி ஆயுள் 1984-இல் சுமார் 62 ஆண்டுகளாக இருந்தது, 1987-க்குள் ஏறத்தாழ 65-ஐத் தொட்டது. இயக்கம் கைவிடப்பட்டு, சோவியத் ஒன்றியமும் சிதறி, மலிவு மது பெருகிய பின் 1994-இல் அது 58-க்கும் கீழே போனது. பொருளாதாரச் சரிவுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனாலும் இவ்வளவு வேகமான ஏற்ற இறக்கத்தை மதுவை விட்டுவிட்டு விளக்க முடியவில்லை.

டென்மார்க்கின் கதை வேறு. முதல் உலகப் போர்க்காலத் தானியப் பஞ்சத்தால் 1917-இல் அந்நாட்டு அரசு வடித்தெடுத்த சாராய வகைகளின் மீது வரியைப் பல மடங்கு உயர்த்தியது. மக்கள் பீருக்கு மாறினார்கள். குடிவெறிச் சன்னி (கடுங்குடியர் இல்லாத உருவங்களைக் கண்டு பிதற்றும் நிலை) நோயாளிகள் சில ஆண்டுகளுக்குள் மிகச் சிறு பங்காகக் குறைந்தார்கள். அங்கு யாரும் குடியை ஒழிக்கப் புறப்படவில்லை என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது.

மதுவால் வரும் நோய்கள் எவை? கல்லீரல் மட்டும்தானா?

உலக அளவில் 2019-இல் மதுவால் நேர்ந்த சாவுகள் 26 லட்சம். மொத்தச் சாவுகளில் 4.7 விழுக்காடு. அவற்றில் 20 லட்சம் ஆண்களுடையவை. கல்லீரல் இறுக்கம் நாமெல்லோரும் அறிந்தது. அதைவிடக் குறைவாக அறியப்பட்டது புற்றுநோய்: வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களின் மார்பகம் ஆகிய இடங்களில் அது வருகிறது. உடலில் ஆல்கஹால் அசிட்டால்டிஹைடாக மாறி மரபணுவைச் சிதைப்பது இதன் முக்கிய வழிகளில் ஒன்று. மது புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-இலேயே உறுதிசெய்துவிட்டது. வெற்றிலை, புகையிலையோடு மது சேர்ந்தால் வாய்ப்புற்று அபாயம் தனித்தனி அபாயங்களின் கூட்டுத்தொகையைவிடப் பெரிதாகிறது. இவை தவிர காசநோய் தொற்றும் வாய்ப்பு கூடுகிறது. தொடங்கிய காசநோய் மருந்தை நடுவில் விடுபவர்களில் குடிப்பவர்கள் மிகுதி.

சிறிதளவு குடித்தால் இதயத்துக்கு நல்லது என்று மருத்துவர்களே சொன்னார்களே?

சொன்னார்கள், அடிப்படை பலவீனமானது. பழைய ஆய்வுகளில் 'குடிக்காதவர்' கூட்டத்துக்குள், நோய் வந்ததால் குடியை விட்டவர்களும் கலந்திருந்தார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் அளவாகக் குடிப்பவர் யாராக இருந்தாலும் ஆரோக்கியமாகவே தெரிவார். சீனாவில் ஐந்து லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியான ஆய்வு, மதுவைச் செரிக்கும் திறனை முடிவுசெய்யும் மரபணு வேறுபாட்டைக் கொண்டு இந்தச் சிக்கலைக் கடந்தது. பக்கவாத அபாயத்தைச் சிறிதளவு மது குறைப்பதாக அதில் தென்படவில்லை. அளவு கூடக்கூட அபாயமும் ஏறியது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என 2023 தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

குடிக்காதவர்களுக்கு இதில் என்ன பாதிப்பு?

குடிப்பவர்களில் 17 ஆண்களுக்கு ஒரு பெண் என்பது எய்ம்ஸ் ஆய்வின் விகிதம். எனவே இந்தியாவில் மதுவின் சுமையைச் சுமக்கும் பெண்களில் மிகப் பெரும்பாலோர் ஒரு சொட்டும் குடிக்காதவர்கள். அடிக்கடி போதையில் வரும் கணவரைக் கொண்ட பெண்களில் சுமார் 70 விழுக்காட்டினர் குடும்ப வன்முறைக்கு ஆளானதாக ஐந்தாம் குடும்ப நல ஆய்வில் தெரிவித்துள்ளனர். கணவர் குடிக்காத வீடுகளில் இது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தக் குறைந்த எண்ணும் குடியின்மேல் பழியைப் போட்டு மறைக்கத்தக்கதல்ல. வீட்டுக்கு வராத கூலி, நின்றுபோன பள்ளிக் கட்டணம், விற்கப்பட்ட நகை ஆகியவை எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

ஒரே அளவு குடித்தாலும் ஏழைகளுக்குக் கேடு மிகுதி என்பது உண்மையா?

உண்மை, பல நாடுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. உணவுக் குறைவு, புகையிலை, தாமதமான மருத்துவம், ஆபத்தான வேலை ஆகியவை கூடிச் சேர்கின்றன. இதோடு, நம்மூரில் குடிக்கும் சூழலையும் சேர்க்க வேண்டும். வசதியுள்ளவர் நாற்காலியில் அமர்ந்து இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்கிறார். கூலி வேலை செய்பவருக்கு அமர இடமில்லை. வீட்டுக்குக் கொண்டுபோக மானம் இடம் தராது. கடையருகே நின்றபடியே ஒரு தண்ணீர்ப் பாக்கெட்டைக் கலந்து சில நிமிடங்களில் முடித்துவிட்டு நகர்கிறார். வேகமாகக் குடிப்பது அவருடைய குணக்கேடு என்பதைவிட, மதுவை விற்கும் விதமும் குடியின்மீது நாம் வைத்திருக்கும் வெட்கமும் சேர்ந்து உருவாக்கிய பழக்கம் என்பதே சரி.

முழு மதுவிலக்குதானே சரியான தீர்வு?

இராஜாஜி அரசு 1937-இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971-இல் தளர்த்தப்பட்டு, சில ஆண்டுகளிலேயே மீண்டும் கொண்டுவரப்பட்டு, 1981-இல் மறுபடியும் நீக்கப்பட்டது. அண்மைக் காலச் சோதனை பீகார். அங்கு 2016 ஏப்ரல் முதல் முழுத்தடை. அன்றாடம் அல்லது வாரந்தோறும் குடிக்கும் ஆண்களின் எண்ணிக்கையும் மனைவியர்மீதான வன்முறையும் அங்கு குறைந்ததாக 2024-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே பீகாரில் 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் விஷச்சாராயம் பெருங்கூட்டமாக மக்களைக் கொன்றது. இரண்டும் உண்மை. தடை குடியைக் குறைக்கும். எஞ்சிய குடியை ஆபத்தானதாக்கும். சிறைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஏழைகளாக இருப்பார்கள். என் மதிப்பீட்டில், அரசே கடையை நடத்தும் மாநிலத்தில் முழுத்தடைக்கு முன்னால் செய்து பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

அவை எவை?

விலை, கிடைக்கும் எளிமை, விளம்பரம், குடித்துவிட்டு வண்டி ஓட்டுதல், சிகிச்சை என ஐந்து முனைகளை உலக சுகாதார நிறுவனம் 2018-இல் முன்வைத்தது. ஸ்காட்லாந்து அதே ஆண்டு மே மாதம் மதுவுக்குக் குறைந்தபட்ச விலை விதித்தது. பாட்டிலுக்கு அல்லாமல், அதிலுள்ள ஆல்கஹாலின் அளவுக்கே விலை. 2023-இல் வந்த மதிப்பீட்டின்படி முழுக்க மதுவால் நேரும் சாவுகள், அந்த விலை இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடியதைவிட 13.4 விழுக்காடு குறைந்தன; ஆனால் ஏற்கெனவே அடிமையாகிவிட்ட சிலர் குடியைக் குறைக்காமல் உணவைக் குறைத்துக்கொண்டனர். இங்கு விலையை மட்டும் ஏற்றினால் அதுவே கூலித் தொழிலாளி வீட்டில் நடக்கும். விலையோடு சிகிச்சையும் வர வேண்டும். கடைகளைப் பொறுத்தவரை, 2016-இல் திறக்கும் நேரம் காலை 10 மணியிலிருந்து நண்பகல் 12 ஆகத் தள்ளிவைக்கப்பட்டது. 2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் தவணைக்கு 500 கடைகள் மூடப்பட்டன. அடுத்த கடை நடை தூரத்திலேயே இருந்தால் ஒரு கடையை மூடுவதில் பெரிய பயன் இல்லை. நேரத்தைச் சுருக்கியது, வேலைக்குப் போகும் முன்பே குடிப்பவரைத் தடுத்ததால், மேலான நடவடிக்கை. சாலையில் சட்டம் ஏற்கெனவே கடுமையானது: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் முதல் முறையே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம்.

கள்ளை அனுமதித்தால் பிராந்தி குறையுமா?

தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. ஆல்கஹால் செறிவு குறைவு என்பதால் கள்ளுக்கு மாறுபவருக்குக் கேடு குறையும். மாறாமல் இரண்டையும் குடிப்பவருக்குக் கூடும். டென்மார்க்கில் மாற்றம் நிகழ்ந்ததற்குக் காரணம் பீர் கிடைத்தது மட்டுமன்று, சாராயம் எட்டாத விலைக்குப் போனதும்தான்.

விஷச்சாராயம் ஏன் பார்வையைப் பறிக்கிறது?

அதில் கலக்கப்படும் மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது. குடித்தவுடன் சாதாரணப் போதை போலவே இருக்கும். 12 முதல் 24 மணி நேரம் கழித்தே வயிற்றுவலி, வாந்தி, கண்முன் பனிமூட்டம் தொடங்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்ததில் இந்தத் தாமதத்துக்கும் பங்கு உண்டு. நச்சுமுறி மருந்தும் ரத்தச் சுத்திகரிப்பும் நேரத்தோடு கிடைத்தால் காப்பாற்ற முடியும். எனவே உடன் குடித்த ஒருவர் விழுந்தார் என்று தெரிந்ததும், அறிகுறி இல்லாதவர்களும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வீட்டில் ஒருவர் நாள்தோறும் குடிக்கிறார். இன்றே நிறுத்தச் சொல்லலாமா?

பல ஆண்டுகளாக நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. முதல் நாளிலேயே கைநடுக்கமும் வியர்வையும் வரும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே இல்லாத உருவங்களைக் கண்டு பிதற்றும் சன்னி நிலை ஏற்படலாம். 2020 ஊரடங்கில் கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டபோது கேரளத்தில் தற்கொலைகள் நடந்ததை மறக்க வேண்டாம். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, குடித்தால் நிற்கிறது என்றால் அவருக்கு அறிவுரையைவிட மருத்துவக் கண்காணிப்பே முதலில் தேவை. அங்கே கொடுக்கப்படும் தயாமின் (வைட்டமின் பி1) ஊசி, மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படுவதைத் தடுக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதைச் செய்கிறார்கள்; எங்கு போவது என்று தெரியாதவர்கள் 14446 என்ற தேசியக் கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். உரிமம் இல்லாத சில 'மீட்பு மையங்களில்' நோயாளியைப் பூட்டி வைப்பதும் அடிப்பதும் நடக்கிறது. சேர்ப்பதற்கு முன் மருத்துவர் நாள்தோறும் வருகிறாரா, குடும்பத்தார் எந்நேரமும் பார்க்கலாமா என்று கேளுங்கள். இரண்டில் ஒன்றுக்கு மழுப்பலான பதில் வந்தாலும் வேறு இடம் தேடுங்கள்.